சுரி மண்ணுக்கு மேல ஹைவே எப்பிடி நிக்குது, அதுக்கு கட்டுற காசு எங்க போகுது

மட்டக்களப்பில வாவியக் கடக்கிற பாலங்கள்ல ஏறக்குள்ள கவனிச்சிருப்பீங்க, ரோட்டு முடிஞ்சு பாலம் தொடங்கிற இடத்தில வண்டி ஒருக்கா தூக்கிப் போடும். பாலம் ஆழமா இறக்கின தூண்ல நிக்குது, அது தாழாது. அதுக்கு முன்னுக்கு கிறவல் போட்டு உயர்த்தின ரோட்டு சுரி மண்ணுக்கு மேல கிடக்கு, அது வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா தாழும். 40ல போறவனுக்கு இது முதுகு நோவோட போயிரும், 100ல போற ஹைவேயில அப்பிடி ஒரு மேடு இருந்தா உயிருக்கே ஆபத்து. அதால ஹைவே கட்டுற வேலையில பெரிய பங்கு, தாழப்போற மண்ண முன்கூட்டியே தாழ வைக்கிறதுதான்.

சுரி மண் எண்டா தண்ணி குடிச்ச பஞ்சு மாதிரி. மேல பாரத்த வைச்ச உடன அந்தப் பாரத்த தாங்கிறது மண் இல்ல, உள்ள கிடக்கிற தண்ணிதான், அது கசிஞ்சு வெளிய போகப் போகத்தான் மண் இறுகி பாரத்த எடுத்துக்கும். கார்ல் டெர்சாகி எண்ட பொறியியலாளர் 1925ல இதுக்கு கணக்கு போட்டுக் குடுத்தார். தண்ணி போகவேண்டிய தூரம் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்காகும். களிமண்ணுக்குள்ளால தண்ணி சரியான மெதுவாத்தான் நகரும், ஆழமான சதுப்பு தானா இறுகட்டும் எண்டு விட்டா பத்து இருபது வருசமும் போகும். அதனாலதான் நெருக்கி நெருக்கி மணல் தூணோ பிளாஸ்டிக் பட்டியோ கீழ இறக்கி தண்ணிக்கு கிட்டவே வழி விடுறாங்க, மேல தேவைக்கு அதிகமா மண்ணக் கொட்டி மாசக்கணக்கா விட்டு, தாழ்ந்து முடிஞ்ச பிறகு அந்த மேல்மண்ண வழிச்சு எடுக்கிறாங்க. நம்மட நாட்டில 2011 நவம்பரில திறந்த தெற்கு ஹைவேயில செடிகொடி அழுகின கறுப்பு மண் கிடந்த இடங்கள்ல கிரேனால பெரிய பாரத்த தூக்கி தூக்கி போட்டு இறுக்கினாங்க, சில இடத்தில மண்ண சீற்றால மூடி காத்த உறிஞ்சி எடுத்தாங்க, அப்ப வெளிக்காத்தே மண்ண அமத்தும். எனக்கு இத வாசிக்கக்குள்ள உண்மையா புல்லரிச்சது, காத்தையே பாரமா பாவிக்கலாம் எண்டு யோசிச்ச ஆக்கள் பெரிய ஆக்கள்.

சரி, கட்டியாச்சு. ஏறிற இடத்தில டிக்கட், இறங்கிற இடத்தில தூரத்துக்கு ஏத்த காசு. டிக்கட் குடுக்கிறது சுருக்கா முடியும், காசு வாங்கி மிச்சம் குடுக்கத்தான் நேரம். ஒரு கவுண்டரில ஒரு வாகனத்துக்கு 15 செக்கன் எண்டு வைங்க, மணிக்கு 240 போகலாம். மணிக்கு 200 வந்தா சராசரி 5 வாகனம்தான் அங்க நிக்கும், 230 வந்தா 23 நிக்கும். வாகனங்கள் ஒழுங்கில்லாம வாறதால கடைசி கொஞ்சத்திலதான் வரிசை இப்பிடி வீங்கிறது. கார்ட், கண்ணாடியில ஒட்டுற டேக் எல்லாம் அந்த 15 செக்கன வெட்டுறதுக்குத்தான்.

இனி காசு. ஹைவேய கட்டுறது பெரும்பாலும் வெளிநாட்டுக் கடன்ல, டொலரில, யென்ல, கேட்டில வாங்கிறது ரூபாயில. 2022ல டொலர் 200 ரூபாவில இருந்து 360 வரைக்கும் போச்சு, அதே 100 டொலர் கடனுக்கு 20,000 கட்டினவன் 36,000 கட்டோணும், ஹைவேயில ஓடின வாகனம் கூடவும் இல்ல. ஒரு உதாரணக் கணக்கு: நாளைக்கு 5,000 வாகனம், ஒரு வாகனத்துக்கு 1,000 ரூபா எண்டா வருசத்துக்கு ஏறக்குறைய 182 கோடி. 100 கோடி டொலர் கடனுக்கு 2 வீத வட்டி மட்டும், டொலர் 300 எண்டாலும், 600 கோடி ரூபா. மிச்சத்த திறைசேரி போடும், திறைசேரிக்கு காசு, சீனி வாங்கக்குள்ள வரி கட்டுற வெல்லாவெளி கிராமத்து ஆளிட்ட இருந்தும்தான் வருது.

அப்ப கேட்டில வாங்கிற காச, அதாவது டோல், கூட்டினா என்ன எண்டு கேட்பீங்க. மெக்சிகோவில 1989க்குப் பிறகு தனியாருக்கு ஹைவே குடுத்தாங்க, ஆரு குறைஞ்ச வருசம் டோல் எடுத்தாப் போதும் எண்டு கேக்கிறாங்களோ அவங்களுக்கு. குறைஞ்ச வருசத்துக்குள்ள காசு எடுக்கோணும் எண்டு டோல் ஏறிச்சு, லொறிக்காரங்க பழைய ரோட்டாலயே போனாங்க, 1994 கடைசியில மெக்சிகோ காசின்ட மதிப்பும் விழுந்திட்டுது, 1997ல 23 ஹைவேய அரசாங்கம் திரும்ப எடுக்க வேண்டியதா போச்சு.

நம்மட மட்டக்களப்பு ஆக்களுக்கு கிட்டவாற ஹைவே மத்திய ஹைவேதான், பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ளையால வாற நைட் பஸ் குருநாகலுக்குத்தானே இறங்குது. மீரிகமவில இருந்து குருநாகல் வரைக்கும் 2022 ஜனவரியில திறந்தாச்சு. ஆனா கொழும்புப் பக்கத்தோட தொடுக்கிற கடவத்தை–மீரிகம துண்டு கடன் நெருக்கடியில நிண்டு 2025லதான் திரும்ப தொடங்கினாங்க. தொடுக்காத துண்டுக்கு வாகனம் குறைவாத்தான் வரும், அந்த ஒரு துண்டு முடிஞ்சா கட்டின துண்டும் சேத்து உழைக்கும். மட்டக்களப்பு வரைக்கும் புது ஹைவே கேக்கிறதுக்கு முதல், வாழைச்சேனைய நாளைக்கு எத்தின வாகனம் தாண்டுது எண்டு எண்ணிப் பார்க்கோணும். இப்போதைக்கு எனக்கு வேண்டியது அந்தக் கடவத்தைத் துண்டு முடியிறது, மறுகா ஹபரணைக்கு இஞ்சால உள்ள ரோட்ட அகலிக்கிறது.