உளி: சீசல்னு கேக்குறோமே, அதோட சொந்தப் பேரு

வீட்டுலயே ஷெல்ஃப் அடிக்கலாம்னு கிளம்புறவங்க இப்போ எல்லாம் "சீசல் செட்"னுதான் தேடுறாங்க, ஆனா கடலூர்ல எந்த ஆசாரிகிட்ட கேட்டாலும் அது உளிதான். பழைய சொல்லு. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படைல எயிற்றியர்ங்கிற வேட்டுவப் பொண்ணுங்க தரையைக் கிண்டுற கோலுக்கு "உளிவாய்ச் சுரை"ன்னு வருது, அதாவது உளி மாதிரி முனை இருக்கிற பூண். மலையாளம், கன்னடத்துலயும் உளியேதான், தெலுங்குல உலி. ஜன்னலும் அலமாரியும் போர்ச்சுகீசுல இருந்து வந்த பேருங்க, அதுல துளை போடுற கருவிக்கு மட்டும் யார்கிட்டயும் கடன் வாங்கல.

சீசல் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, வெட்டுறதைக் குறிக்கிற லத்தீன் வினைச்சொல்லுல கிளம்பி பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. பாண்டிச்சேரில பிரெஞ்சு படிச்சவங்களுக்கு இது சுலபமா புரியும், ஒருமைல "சீசோ"ன்னா உளி, பன்மைல எழுதினா கத்திரிக்கோல், உச்சரிப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

நம்ம ஆளுங்க உளியை வச்சு இன்னும் பேரு கட்டியிருக்காங்க. இழைக்கிற உளி இழைப்புளி, கல்லுல வேலை செஞ்சா கல்லுளி. அதனால ஹார்டுவேர் கடைல மொட்டையா உளின்னு கேட்டா எலக்ட்ரீஷியன் சுவத்துல காடி வெட்டுற முழு இரும்பு உளியை எடுத்து நீட்டிடுவாங்க, "மர உளி"ன்னு கேளுங்க. அளவை நூல்ல சொல்லுங்க, எட்டு நூல் ஒரு இன்ச், அப்போ நாலு நூல்னா அரை இன்ச். நாலும் ஆறும் இருந்தா வீட்டு வேலைக்குப் போதும், பத்து உளி செட்டெல்லாம் என்னைக் கேட்டா வெட்டிச் செலவு. கீல் பதிக்க, மூலை சுத்தம் பண்ண, நீளவாக்குல ரெண்டு ஓரமும் சரிவு சீவின உளியா பாருங்க. முதுகுப் பக்கம், அதாவது முனையில சரிவு இல்லாத தட்டையான பக்கம், ஸ்டீல் ஸ்கேலை வச்சு வெளிச்சத்துல பாத்தா நேரா இருக்கான்னு தெரியும். மரப்பிடின்னா இரும்புச் சுத்தியல் வேணாம், கொட்டாப்புளிதான் (மரச் சுத்தியல்).

இப்போ கூர் பண்ற விஷயம். இங்கிலீஷ்ல கிரைண்டிங், ஹோனிங்னு தனித்தனி வார்த்தை இருந்தாலும் பொதுவா ஷார்ப்பனிங்னு ஒரே வார்த்தையைப் போட்டுடுறாங்க, நம்மகிட்ட சாணை பிடிக்கிறது வேற, தீட்டுறது வேற. சாணைங்கிறது சுத்துற கல்லு, வாய் உடைஞ்சிருந்தா இல்ல சரிவையே மாத்தணும்னா மட்டும்தான் அது. (சாணை வடமொழிலேர்ந்து வந்தது, தீட்டு நம்மளது.) புது உளியை நேரா சாணைக்காரர்கிட்ட கொடுக்கிறவங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும், கல்லுல அழுத்தி சூடேறி முனை நீலமாயிடுச்சுன்னா இரும்போட பதம் போச்சு, அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. பிடிச்சே ஆகணும்னா அப்பப்போ தண்ணில முக்கி முக்கி எடுக்கணும்.

மத்தபடி தீட்டினாலே போதும். முதல்ல முதுகுல முனையை ஒட்டின பகுதியைக் கல்லுல படுக்க வச்சுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கணும், இதை விட்டுட்டு சரிவை மட்டும் தேய்ச்சா வேலைக்கு ஆகாது. அப்புறம் சரிவு, 25லேர்ந்து 30 டிகிரி. கோணமானி தேவையில்ல, உளி 3 மில்லி தடிமன்னா சரிவோட நீளம் 6 மில்லி இருந்தா அது 30 டிகிரி. 1000 நம்பர் கல்லு, தண்ணி விட்டு, கோணம் ஆடாம தேய்ச்சுக்கிட்டே இருந்தா முதுகுப் பக்கம் விரல்ல லேசா ஒரு பிசிறு தட்டும், முழு அகலத்துக்கும் அது வந்தாதான் கூர் முனை வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம். முதுகைத் தட்டையா வச்சு ரெண்டு இழுப்பு, பிசிறு போயிடும். நல்ல கல்லு இல்லன்னா கண்ணாடித் துண்டு மேல வாட்டர் பேப்பர் ஒட்டியும் தீட்டலாம், 400, 1000, 2000னு ஏத்திக்கிட்டே போங்க.

பண்ருட்டிப் பலா பலகைல வேலை செஞ்சா ஒரு தடவை தீட்டினது கொஞ்சம் தாங்கும், தேக்குல மணல் மாதிரி சிலிக்கா இருக்கு, சீக்கிரம் மழுங்கிடும். வேலை முடிஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வைங்க, நம்ம ஊரு கடல் காத்துக்கு ராத்திரியே துரு பூத்துடும்.