ப்ராசஸரின் சூடு எங்கே தேங்குகிறது? கடிகாரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினி திணறினால், முதலில் மனசு போவது புதிய கூலர் பக்கமோ புதிய ப்ராசஸர் பக்கமோதான். பல நேரங்களில் இரண்டுமே தேவைப்படாது. இன்றைய ப்ராசஸர்கள் தங்கள் சூட்டைத் தாங்களே அளந்து, எல்லையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலவற்றில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் வகைகளில் மாடலைப் பொறுத்து 90 அல்லது 95 டிகிரியை ஒட்டி இருக்கும். எல்லையில் ஓடுவதால் ப்ராசஸர் உடனே கெட்டுவிடாது. ஆனால் அது தரவேண்டிய வேகத்தைத் தராது.

சூடு பயணப்படும் பாதையைச் சங்கிலி என்று வைத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகிவிடும். சிலிக்கான் சில்லில் பிறக்கும் வெப்பம் ப்ராசஸரின் உலோக மூடிக்கு ஏறுகிறது. அங்கிருந்து தெர்மல் பேஸ்ட், பிறகு கூலரின் அடித்தட்டு, தகடுகள், கேபினட்டுக்குள் இருக்கும் காற்று, கடைசியில் அறைக் காற்று. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வெப்பத்தடை உண்டு. ஒரு வாட் கடந்துபோக எத்தனை டிகிரி வித்தியாசம் வேண்டும் என்பதே அதன் அளவு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. சில்லிலிருந்து மூடி வரை வாட்டுக்கு 0.25 டிகிரி, பேஸ்ட் 0.05, கூலர் 0.30 என்று கொள்வோம். மொத்தம் 0.60. ப்ராசஸர் 90 வாட் இழுக்கிறது, கேபினட்டுக்குள் காற்று 35 டிகிரி. 90 வாட்டை 0.60ஆல் பெருக்கினால் 54. அதோடு 35 சேர்த்தால் சில்லு 89 டிகிரியில் நிற்கும். எல்லைக்குள்தான் இருக்கிறது. இப்போது பேஸ்ட் மட்டும் காய்ந்து, அதன் தடை 0.20 ஆகிவிட்டது என்று வையுங்கள். கணக்குப்படி 102 டிகிரி தாண்ட வேண்டும். அதற்கு முன்பே ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துவிடும். கூலர் அதேதான், ஃபேன் அதேதான், கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

எந்தக் கண்ணி பழுது என்று வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த எண் எவ்வளவு நேரத்தில் ஏறியது என்று பார்த்தால் சொல்லிவிடலாம். காரணம், ஒவ்வொரு பாகமும் சூடேற வெவ்வேறு நேரம் எடுக்கிறது. சிலிக்கான் சில்லின் எடை கால் கிராம் அளவுதான். அதை ஒரு டிகிரி சூடேற்ற 0.2 ஜூல்கூடத் தேவையில்லை. 90 வாட் என்றால் விநாடிக்கு 90 ஜூல், ஆகவே அது நொடியில் எகிறும். கூலரில் 400 கிராம் அலுமினியம் இருந்தால், ஒரு டிகிரிக்கு சுமார் 360 ஜூல் வேண்டும். ஆகவே அது நிமிடக்கணக்கில் ஏறும். கேபினட்டும் அதற்குள்ளிருக்கும் மற்ற உலோகமும் நிலைப்பட அரை மணி நேரம்கூட ஆகலாம்.

சோதனை இப்படி. ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளைத் திறந்து, அளவெடுக்கும் இடைவெளியை 500 மில்லிவிநாடிக்குக் குறைத்து, பதிவை ஓடவிடுங்கள். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் போதும். பத்து நிமிடம் கணினியைச் சும்மா விட்டு, பிறகு பிரைம்95 போன்ற சுமைச் சோதனை மென்பொருளை எல்லா கோர்களிலும் (ப்ராசஸருக்குள் இருக்கும் தனித்தனிக் கணக்கீட்டு அலகுகள்) முழுச்சுமையாக ஏற்றுங்கள். அரை மணி நேரம் ஓடட்டும். வெப்பநிலையோடு வாட் அளவும், கடிகார வேகமும் (ப்ராசஸர் ஓடும் வேகம், கிகாஹெர்ட்ஸில்) பதிவாக வேண்டும். வாட் குறைந்ததால் சூடு குறைந்ததை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை 5 டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய அதே 5 டிகிரி ஏறும், அதைப் பார்த்துப் பேஸ்ட் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவோம்.

மேலே சொன்ன நல்ல நிலைக் கணினியில், சும்மா இருக்கும்போது 10 வாட், 41 டிகிரி. சுமை ஏறியதும் முதல் சில விநாடிகளிலேயே 65க்குத் தாவும். மிச்ச 24 டிகிரி அடுத்த ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல ஏறும். பேஸ்ட் காய்ந்த கணினியில் அந்த முதல் தாவலே 42இலிருந்து 78 வரை போகும். தாவல் நேராக 95இல் போய் முட்டினால், கூலர் சரியாக உட்காரவே இல்லை என்று பொருள். தாவல் அளவாக இருந்து, ஐந்து நிமிட ஏற்றம் பெரிதாக இருந்தால் கூலரின் தகடுகளோ ஃபேனோ சரியில்லை. பத்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்காமல் அரை அரை டிகிரியாக ஏறிக்கொண்டே போனால், கேபினட்டுக்குள் காற்று மாறவில்லை.

முதல் தாவல்தான் பிரச்சினை என்றால் வேலை பேஸ்ட்டில். கூலரின் அடியும் ப்ராசஸர் மூடியும் கண்ணாடி போலத் தெரிந்தாலும், நுண்ணளவில் மேடு பள்ளம் நிறைந்தவை. பள்ளங்களில் நிற்பது காற்று. காற்றின் வெப்பக் கடத்துதிறன் 0.026 வாட், அதாவது மீட்டர் கெல்வினுக்கு. சாதாரண பேஸ்ட் 4 முதல் 8 வரை. செம்பு 400ஐ ஒட்டி. ஆகவே காற்றின் இடத்தில் பேஸ்ட் வந்தால் இருநூறு மடங்கு ஆதாயம். செம்போடு செம்பு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பேஸ்ட் புகுந்தால் நஷ்டம். அதனால்தான் பேஸ்ட் மெல்லிசாக இருக்க வேண்டும், அதை மெல்லிசாக்குவது கூலரின் அழுத்தம். விலையுயர்ந்த பேஸ்ட்டுக்கும் சுமாரான பேஸ்ட்டுக்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம்தான். சரியாக இறுக்கிய கூலருக்கும் கோணலாக இறுக்கியதற்கும் இருபது டிகிரி வித்தியாசம் வரலாம்.

கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் சுமையில் ஓட்டுங்கள், பேஸ்ட் இளகட்டும். பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கூலரின் பிடியை விடுவித்து, மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போன்ற, ப்ராசஸரின் அடியில் ஊசிக்கால்கள் உள்ள வகைகளில் இது மிக முக்கியம். காய்ந்த பேஸ்ட் பசை போலப் பிடித்துக்கொண்டு, பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரையே பிடுங்கி வந்துவிடும். கால்கள் வளைந்துவிட்டால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியதுதான்.

பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் கொண்டு இரு பக்கமும் துடைத்து, காயவிடுங்கள். நடுவில் நான்கைந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பொட்டு. மூடி பெரிதாக இருந்தால் பெருக்கல் குறி போல இரண்டு கோடு. மூடி இல்லாத லேப்டாப் சில்லுகளிலும் கிராஃபிக்ஸ் சில்லுகளிலும் மட்டும் பேஸ்ட்டைப் பரப்பித் தடவ வேண்டும். அங்கே ஒரு மூலை வறண்டிருந்தாலும் அந்த மூலை தனியாகக் கொதிக்கும். புதிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்கக் கூடாது. திருகுகளை ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், எதிரெதிர் மூலைகளாக இரண்டு இரண்டு சுற்று இறுக்கிக்கொண்டே வாருங்கள். இன்டெலின் பிளாஸ்டிக் ஊசி கூலர்களில் நான்கு ஊசியும் ‘டக்’ என்று இறங்கியதா என்று மதர்போர்டின் பின்பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மூன்று இறங்கி ஒன்று தொங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் கோளாறு.

திரவ உலோகப் பேஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. அதன் கடத்துதிறன் சாதாரண பேஸ்ட்டைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துச் சிதைத்துவிடும். அது மின்சாரத்தையும் கடத்தும், ஒரு துளி சிந்தினால் மதர்போர்டு போச்சு. சிக்கனமாகக் கட்டும் கணினியில் அதற்கு வேலையே இல்லை.

ஐந்து நிமிட ஏற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் தூசி, தீர்வு எளிது. தகடுகளின் நடுவில், ஃபேனுக்கு நேர் பின்னால், கம்பளி போல ஓர் அடுக்கு படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றாமல் அது கண்ணில் படாது. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். ஹீட் பைப் உள்ள கூலரைப் பழசாக வாங்கும்போது குழாய்கள் நசுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். குழாய்க்குள் காற்றை வெளியேற்றிவிட்டுக் கொஞ்சம் நீர் வைத்திருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனையில் மறுபடி நீராகி, உட்சுவரின் நுண்துளை அடுக்கு வழியே திரும்புகிறது. 100 வாட்டைக் கடத்த விநாடிக்கு 0.04 கிராம் நீர் ஆவியானால் போதும். அந்த அடுக்கு நசுங்கினால் நீர் திரும்ப வழியில்லை. அப்புறம் அது வெறும் செம்புக் குழாய்தான்.

அரை மணி நேர ஏற்றத்தை உறுதிசெய்ய, கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். பத்து டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் குறை. இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் புதிய ஃபேன் வாங்கிப் பயனில்லை. எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 1,200 ஜூல். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து 300 வாட், உள்ளே வரும் காற்று 10 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்றால், விநாடிக்கு 25 லிட்டர் வேண்டும். இது ஏறக்குறைய 53 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 53 கன அடி. ஒரு நல்ல 120 மில்லிமீட்டர் ஃபேனின் அட்டையில் இந்த எண்ணைப் பார்க்கலாம், ஆனால் அது எந்தத் தடையும் இல்லாத இடத்தில் அளந்தது. வலையும் தூசி வடிகட்டியும் குறுக்கே வந்தால் வெகுவாகக் குறையும். ஆகவே முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள என்பது நியாயமான ஏற்பாடு. மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமாகக் காற்று வெளியேறும், மாட்டும் முன் அதைப் பாருங்கள்.

மதர்போர்டில் ஃபேனை மாட்டும் இணைப்பு (ஹெடர்) ஒன்றுதான் மிச்சம் என்றாலும் கவலையில்லை. பெரும்பாலான போர்டுகளில் ஓர் இணைப்பு 1 ஆம்பியர் தாங்கும், ஒரு ஃபேன் பொதுவாக 0.1 முதல் 0.3 வரை இழுக்கும். ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்றை மாட்டலாம். வேகத்தைச் சொல்லும் மூன்றாவது கம்பி மட்டும் ஒரே ஒரு ஃபேனிலிருந்து வந்தால் போதும், இரண்டு வந்தால் மதர்போர்டு குழம்பும். ஃபேன்களை முழு வேகத்தில் அலறவிடவும் தேவையில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், இரைச்சலோ 15 டெசிபெல் அளவுக்கு விழும். மூன்று ஃபேன் மெதுவாக ஓடுவது ஒன்று வேகமாக ஓடுவதைவிடப் பெரும்பாலும் மேல்.

இதுவரை சொன்னது வெப்பத்தை வெளியேற்றுவது பற்றி. வெப்பம் பிறப்பதையே குறைப்பது இன்னும் சிறந்த வழி, அதற்கு ஒரு பாகமும் வாங்க வேண்டாம். சில்லுக்குள் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கச் செலவாகும் திறன், வோல்டேஜின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், வேகம் அப்படியே இருக்க, திறன் 19 சதவீதம் குறையும். நம் 90 வாட் ப்ராசஸர் சுமார் 73 வாட்டுக்கு இறங்கும். 0.60ஆல் பெருக்கிப் பாருங்கள்: பத்து டிகிரி குறைகிறது.

டிரான்சிஸ்டர்கள் சிறிதாகச் சிறிதாக வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போகலாம் என்று 1974இல் ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். முப்பது ஆண்டுகள் அது நடந்தது. பிறகு, அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர் வழியேயும் ஒழுகும் கசிவு மின்னோட்டம் குறுக்கே நின்றது. வேகத்தைக் கூட்டுவது வெப்பத்தில் போய் முட்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தை 2004இல் இன்டெல் கைவிட்டது. அன்றிலிருந்து வோல்டேஜின் ஒவ்வொரு பத்து மில்லிவோல்ட்டும் மதிப்புள்ளது. ஆனாலும் தொழிற்சாலையில் ஒரு தாராளம் வைத்தே அனுப்புகிறார்கள். ஒரே மாடலில் இருக்கும் சுமாரான சில்லும், கடும் சூட்டிலும், வருடங்கள் கழித்தும் தவறாமல் ஓட வேண்டுமே. உங்களிடம் இருப்பது அதைவிடத் தேறிய சில்லாக இருந்தால், அந்தத் தாராளம் முழுக்க வெப்பமாக வீணாகிறது.

பயாஸில் (கணினி எழும்பும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) இன்டெல் என்றால் வோல்டேஜ் ஆஃப்செட்டை, அதாவது வழக்கமான வோல்டேஜிலிருந்து கழிக்கும் அளவை, மைனஸ் 30 மில்லிவோல்ட்டில் தொடங்கி, பத்துப் பத்தாக இறக்கிப் பாருங்கள். ரைசன் 5000 வரிசையிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். எல்லா கோருக்கும் மைனஸ் 10 படி வைத்து, ஐந்தைந்தாக இறக்கலாம். தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வையுங்கள், நிலையற்ற ப்ராசஸர் கோப்பைச் சத்தமில்லாமல் சிதைக்கக்கூடும்.

பலரும் சறுக்கும் இடம் சோதனைதான். முழுச்சுமையில் ஒரு மணி நேரம் தாங்கினால் முடிந்தது என்று நினைப்பார்கள். முழுச்சுமையில் எல்லா கோரும் மிதமான வேகத்தில்தான் ஓடும். ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் பாயும் லேசான வேலையில்தான் குறைந்த வோல்டேஜ் காலை வாரும். பிரவுசர் திறந்திருக்கும்போது, அல்லது யாரும் தொடாமல் இருக்கும்போது கணினி திடீரென்று மறுதொடக்கம் ஆகும். விண்டோஸின் ஈவென்ட் வியூவர் பதிவேட்டில் டபிள்யூஹெச்இஏ பிழைகள், அதாவது வன்பொருள் பிழைகள், பதிவாகியிருக்கும். ஒரு சமயத்தில் ஒரு கோரை மட்டும் சோதியுங்கள், ஒரு வாரம் வழக்கமான வேலைக்குப் பயன்படுத்துங்கள், பிழை தெரிந்தால் ஒரு படி மேலே ஏறுங்கள். கணினி எழும்பவே இல்லையென்றால் மதர்போர்டில் பயாஸ் அமைப்பை அழிக்கும் சிமாஸ் பின்னைக் குறுக்கிணைத்தால் பழைய அமைப்பு திரும்பிவிடும். இன்னொன்று: வோல்டேஜைக் குறைத்தும் சூடு குறையவில்லை என்றால் ஏமாற வேண்டாம், கடிகார வேகத்தைப் பாருங்கள். மிச்சமான வாட்டை ப்ராசஸர் வேகமாக மாற்றியிருக்கும்.

வோல்டேஜ் அமைப்பே பூட்டப்பட்ட கணினிகளும் உண்டு. வோல்டேஜைத் திட்டமிட்டுக் குறைத்து, பாதுகாக்கப்பட்ட கணக்கீட்டில் பிழை புகுத்தும் தாக்குதல் ஒன்று 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. பிளண்டர்வோல்ட் என்று அதற்குப் பெயர். அதையடுத்து லேப்டாப்கள் பலவற்றில் பயாஸ் புதுப்பிப்பு வழியே அந்த வசதி மூடப்பட்டது. அங்கே மின்திறன் வரம்பைக் குறைத்துப் பாருங்கள். 105 வாட் வகுப்பு ரைசனை ஈகோ மோட் என்ற சிக்கன அமைப்பில் 65 வாட் வகுப்புக்கு இறக்கினால், சாக்கெட் இழுக்கும் உச்சத் திறன் 142 வாட்டிலிருந்து 88 வாட்டுக்கு வரும். இன்டெலில் குறுகிய நேர வரம்பு தனி, நீண்ட நேர வரம்பு தனி. ஐ5-12400 ப்ராசஸருக்கு அவை 117 வாட், 65 வாட். மதர்போர்டு நிறுவனங்கள் பல நீண்ட நேர வரம்பையும் தளர்த்தியே அனுப்புவதால், பயாஸில் அந்த எண்ணை நேரில் பார்த்துவிடுங்கள். மலிவான போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பாகங்களின் மேல் ஹீட் சிங்க் (வெப்பத்தை இழுக்கும் உலோகத் தகடு) இல்லாவிட்டால், 65 வாட்டிலேயே நிறுத்திவிடுங்கள்.