குளமாக்கிட்டோம் சார்!

போன வாரம் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. ஓரமாக ஜேசிபி நிற்கிறது, அரை ஏக்கருக்குப் பழுப்புத் தண்ணீர். “சும்மா சேறாக் கிடந்த இடம் சார், குளமாக்கிட்டோம்.” இந்த வருடத்தில் எனக்கு வரும் நான்காவது படம் இது. அனுப்பியவர் நல்ல மனிதர் வேறு. முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

நீலகிரி மேல்மலையில் இரண்டு புல்மேடுகள் சந்திக்கும் மடிப்பில், கோடையிலும் காலடியில் ஈரம் கசியும் குட்டிச் சதுப்புப் புல்வெளிகள் உண்டு. படத்தில் குளமாகிக் கிடப்பது அப்படி ஒன்றுதான். சில, வீட்டுமனை அளவுதான் இருக்கும். மேட்டில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, மெல்ல நகர்ந்து, இங்கேதான் தலைகாட்டுகிறது.

இதைப் பார்த்ததும் நம் ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: “தூர்ந்துபோன குளம் சார், தூர்வாரணும்.” ஐயா, தூர்வாருவது ஏரிக்கு, கண்மாய்க்கு. அவை மனிதர் கட்டியவை, வண்டல் சேரும், அள்ளத்தான் வேண்டும். இது எந்தக் காலத்திலும் குளமாக இருந்ததில்லை. இங்கே இருக்கும் கருஞ்சேறு எங்கிருந்தோ அடித்து வந்த வண்டலும் இல்லை. இதே இடத்தில் முளைத்த புல்லும் கோரையும் மடிந்து, காற்றுப் படாததால் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகத் தங்கியது. பீட் என்பார்கள். சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் இந்தச் சேற்றிலிருந்து சுமார் 20,000 ஆண்டுத் தட்பவெப்ப வரலாற்றைப் படித்தெடுத்து, 1993இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். நம் நண்பர் அதை மூன்று நாளில் டிராக்டரில் ஏற்றி ரோஜாப் பாத்திக்குக் கொட்டிவிட்டார்.

“ஆனா தண்ணி கூடியிருக்கே?” கூடவில்லை. சுற்றியிருந்த ஈரமெல்லாம் குழிக்குள் வடிந்து உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். பிப்ரவரியில் கீழே ஓடையைப் போய்ப் பாருங்கள், நீர் குறைந்திருப்பது தெரியும்.

மழை விட்டபின் ஒருமுறை முட்டி போட்டுக் குனிந்து பார்த்திருந்தால் அவர் வெட்டியிருக்க மாட்டார். சட்டைப் பொத்தான் போல வெள்ளைத் தலையோடு எரியோகாலான் என்ற குட்டிச் செடி. இலை மயிரெல்லாம் பசைத்துளி மின்னும் டிரொசீரா, அழுகண்ணி இனம். ஊதாப் பூவை மட்டும் வெளியே நீட்டிவிட்டு, சேற்றுக்குள் நுண்பைகளில் சின்னஞ்சிறு உயிர்களைப் பிடிக்கும் உட்ரிகுலேரியா. இந்த மண்ணில் சத்து குறைவு. அதனால்தான் பூச்சி தின்னிகள், அதனால்தான் எல்லாமே குள்ளம். காரட் தோட்டத்து உரம் கொஞ்சம் வடிந்து வந்தால் போதும், கிக்குயு என்ற முரட்டுப் புல் ஏறி மூடிவிடும். கோரைகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். பிரித்தறிய லென்ஸும் பொறுமையும் தேவை. என்னிடம் லென்ஸ் இருக்கிறது.

தோடர்கள் கோயில் கூரை வேயும் அவ்ஃபுல் புல்லும் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது. இருக்கும் சதுப்பையெல்லாம் குளமும் தோட்டமுமாக்கிவிட்டால் அவர்கள் அறுக்க எங்கே போவார்கள்?

சரி, செய்யக் கூடாதவை. குழி வெட்டாதீர்கள். ஓரத்தில் ‘சின்னதா ஒரு வாய்க்கால்’கூட வேண்டாம், ஒரு வாய்க்காலே முழுச் சதுப்பையும் காயப்போட்டுவிடும். ஜூன் 5ஆம் தேதி, சுற்றுச்சூழல் தினம் என்று மரக்கன்றோடு அந்தப் பக்கம் வராதீர்கள். மரமில்லாத இடம் எல்லாம் மரத்துக்காகக் காத்திருக்கும் இடம் இல்லை. மேட்டில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நெருக்கமாக நின்றால் ஊற்றுக்கு வரவேண்டிய நீரை அவையே குடித்துவிடும். தோட்டத்தில் வெட்டிப்போட்ட வெள்ளை லில்லிக் கிழங்கை ஓடையில் எறியாதீர்கள். அது சேற்றைப் பிடித்தால் லேசில் விடாது.

ஏற்கெனவே வாய்க்கால் வெட்டியிருந்தால், அதே சேற்றாலும் பலகையாலும் இடையிடையே அடைத்து நீர்மட்டத்தை மெதுவாக ஏற்றலாம். ரோட்டு மண்ணையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி மூட வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம், படம் அனுப்புவதாக இருந்தால் ஜேசிபிக்குச் சொல்வதற்கு முன்னால் அனுப்புங்கள். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நானே வந்து பார்க்கிறேன்.