கோர்ஸ் ஃபிஷிங்: முரடு இல்லை, சாதா

இங்கிலாந்து வந்த புதிதில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கோர்ஸ் ஃபிஷிங் போகலாமா என்று கேட்டார். மீன்பிடிக்கச் சொல்லித்தரும் வகுப்பு போலிருக்கிறது என்று நினைத்து, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் பார்த்தால் இது வகுப்பைக் குறிக்கும் course இல்லை, coarse என்ற வேறு கோர்ஸ். அகராதியில் முரடு, சொரசொரப்பு என்று பொருள் போட்டிருக்கும் சொல்.

அந்த ஊரில் நன்னீர் மீன்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். சால்மன், டிரவுட் வகையறா ‘கேம்’ மீன், அதாவது வேட்டைக்குரியது. மிச்சமிருக்கும் ரோச், பிரீம், டென்ச், பெர்ச், பைக், கெண்டை எல்லாம் ‘கோர்ஸ்’. செதிலும் சதையும் முரடு என்பதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கென்னவோ மீனைவிட மனிதர்களைத்தான் இப்படிப் பிரித்தார்கள் என்று படுகிறது. சால்மன் ஓடும் ஆற்றங்கரை பணக்காரர்களிடம் இருந்தது, கால்வாயும் குட்டையும் ஆலைத் தொழிலாளிக்கு.

சொல்லின் வேர்தான் சுவாரசியம். முரடு என்ற பொருள் பிற்பாடு ஏறியது. வழக்கமான, சாதாரணமான என்ற பொருளில் புழங்கிய, வகுப்பைக் குறிக்கும் அதே ‘கோர்ஸ்’தான் எழுத்து மாறி இப்படி ஆனது என்பது பரவலான கருத்து. சாதாரணம் என்பது மட்டம் என்றாகி, மட்டம் முரடாகிவிட்டது. ஆக, நான் தப்பாகக் கேட்டதும் முழுத் தப்பில்லை!

சரி, போனது ஒரு அக்டோபர் நாள். காலையில் ஏரி மேல் பனிமூட்டம், ஆடாத தண்ணீர். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை ஒன்றை அவர் பெட்டியில் பார்த்ததும் ஊர்க் கண்மாய் நினைவு வந்துவிட்டது. பத்து மணிக்குத் தென்மேற்குக் காற்றும் தூறலும் வர, நான் கிளம்பலாம் என்று எழுந்தேன், அவரோ உற்சாகமாகிக் காற்று போய் மோதும் எதிர்க்கரைக்கு இடம் மாற்றினார். வெதுவெதுப்பான மேல்தண்ணீரையும் இரையையும் காற்று அந்தப் பக்கம்தான் தள்ளும், மீனும் பின்னாலேயே போகும் என்றார். இதுவே வானம் தெளிந்து இரவு உறைகிற குளிரோடு வாடைக்காற்று அடித்திருந்தால் மீன் வாயே திறக்காதாம்.

தக்கை இரண்டு தரம் நடுங்கியது, அப்புறம் சாய்ந்தபடி உள்ளே போயிற்று. மண்புழுவுக்கு மாட்டியது ஒரு பெர்ச். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், அடியில் செம்மஞ்சள் துடுப்பு. முதுகு முள்ளைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி மடக்கிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, உள்ளங்கையில் ரத்தம். தூண்டில் முள்ளைக் கழற்றி மீனை ஏரியிலேயே விட்டுவிட்டார். குழம்புக்கு ஆகுமே என்றேன், திரும்பவும் சிரிப்பு. கோர்ஸ் மீனைப் பெரும்பாலும் விட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘கரடுமுரடான மீன்பிடித்தல்’ வேண்டவே வேண்டாம், மீனவரைத் திட்டுவது போல இருக்கிறது. ‘மட்டமீன்’ மீனைத் திட்டுகிறது. நம் மீன் பண்ணைகளில் சாதாக்கெண்டை என்று சொல்கிறோமே, அதுவும் அங்கே கோர்ஸ் கூட்டத்தில் கொண்டாடப்படும் கெண்டையும் ஒரே இனம்தான். 1952 செப்டம்பரில் இங்கிலாந்தின் ரெட்மையர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் பிடித்த கெண்டை 44 பவுண்டு, கிட்டத்தட்ட 20 கிலோ. லண்டன் மிருகக்காட்சிசாலையில் கொண்டுபோய் வைத்தார்கள். அதனால் என் ஓட்டு ‘சாதாமீன் தூண்டில்’ என்பதற்கே.

கேம் மீனை மட்டும் ‘வேட்டைமீன்’ என்று சொல்ல மனம் வரவில்லை. அகநானூற்றின் 36ஆம் பாட்டில் ‘தூண்டில் வேட்டுவன்’ இழுத்தும் வராமல் குளத்தையே கலக்குவது சால்மன் இல்லை, வரால். அவர்கள் கணக்கில் அதுவும் கோர்ஸ்தான்.

நண்பரிடம் ‘சாதா’ என்ற சொல்லைச் சொன்னேன். தோசைக்கடை மெனுவில் பார்த்திருக்கிறேன், விலை குறைந்தது அதுதானே என்றார்.