பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது?

தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார் அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பார்க்கின்சன் நோய்க்காக டிபிஎஸ் கருவி, அதாவது மூளைக்குள் மின்துடிப்பு அனுப்பி நடுக்கத்தை அடக்கும் கருவி, பொருத்தி இரண்டரை வருடம்தான் ஆகிறது. அதற்குள் பேட்டரி முடியப்போவதாகக் கருவியே எச்சரிக்கை காட்டிவிட்டது. "அஞ்சு வருஷம் வரும்னு சொல்லித்தானே சார் வெச்சாங்க?" என்று கேட்டார் அவர் மனைவி. கேள்வி நியாயமானதுதான்.

அந்த அம்மா கையில் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்தத் தேதியில் என்ன அளவு வைத்தார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. நடுக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று இவர்கள் போய்ச் சொல்லும்போதெல்லாம், முன்பு பார்த்த இடத்தில் அளவைக் கூட்டியே அனுப்பியிருக்கிறார்கள். ஒருமுறைகூடக் குறைத்துப் பார்க்கவில்லை. 3 வோல்ட், 60 மைக்ரோவினாடி, 130 ஹெர்ட்ஸ் என்று ஆரம்பித்தது 3.9, 90, 185 என்று வந்து நின்றிருந்தது. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்ற குறிப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதன் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். வோல்டேஜை வோல்டேஜாலேயே பெருக்குங்கள். அதை ஒரு மின்துடிப்பு நீடிக்கும் நேரத்தாலும், வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பதாலும் பெருக்கி, மின்தடையால் வகுத்தால் மூளைக்குள் போகும் மின்திறன் வந்துவிடும். மின்தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் இவருடைய முதல் அளவுக்குச் சுமார் 70 மைக்ரோவாட். கடைசி அளவுக்கு 253. மூன்றரை மடங்குக்கும் மேல் செலவு. நடுக்கம் என்னவோ அப்படியேதான் இருந்தது. போதாததற்குச் சில பழைய மாடல்களில் 3.6 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே இன்னொரு சர்க்யூட் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பிக்கும். பேட்டரி அங்கேயே பாதாளத்துக்குப் போகும்.

1987 இல் பிரான்ஸின் கிரெனோபிளில் நரம்பு அறுவை நிபுணர் பெனபித்தின் குழுவினர் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் தூண்டினால் நடுக்கம் அடங்குவதைக் கவனித்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் 130 என்ற வழக்கம். அதைத் தாண்டிப் போனால் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். செலவு மட்டும் நேராக ஏறும்.

புது பேட்டரி எப்படியும் வைத்தாக வேண்டும். ஆனால் அதே அளவோடு வைத்தால் இன்னும் இரண்டரை வருடத்தில் மறுபடி இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். அதனால் முதலில் புரோகிராமிங்கைச் சரிசெய்யலாம் என்று, முந்தின இரவிலிருந்து மாத்திரையை நிறுத்தச் சொல்லி மறுநாள் காலை வரவழைத்தேன்.

மூளைக்குள் இருக்கும் எலக்ட்ரோடு கம்பியில் மின்சாரம் வெளிவரும் நான்கு முனைகள் உண்டு. ஒவ்வொன்றாக எடுத்து, 0.2 வோல்ட்டாகக் கூட்டிக்கொண்டே அவருடைய வலது மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தேன். பேச்சு குழறுகிறதா என்று தெரிய எதையாவது பேசவைக்க வேண்டும். தேனியிலிருந்து மதுரைக்கு ஸ்டாப் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை தூண்டிக்கொண்டிருந்த அடிமுனையில் ஆண்டிபட்டி தெளிவாக வந்தது, உசிலம்பட்டியில் நாக்கு இழுத்தது. மின்சாரம் பக்கத்து நரம்புப் பாதைக்குக் கசிகிறது என்று அர்த்தம். ஒரு முனை மேலே மாற்றினேன். 2.8 வோல்ட்டில் மணிக்கட்டு இளகியது, விரல் தட்டல் வேகமெடுத்தது, செக்கானூரணி வரை சுத்தமாகப் போய்ச் சேர்ந்தார். 60 மைக்ரோவினாடியும் 130 ஹெர்ட்ஸுமே போதுமாக இருந்தது. இப்போது கணக்கு சுமார் 61 மைக்ரோவாட்.

ஒரு வருடமாகப் பேச்சு குழறுவது நோய் முற்றியதால் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததால் பேட்டரி நான்கு மடங்கு காலம் வந்துவிடாது. கருவி தன்னை ஓட்டிக்கொள்ளவே கொஞ்சம் தின்னும். ஆனாலும் ஓர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சின்ன விஷயம் இல்லை. மாற்றும் ஒவ்வொரு முறையும் லட்சங்களில் செலவு, கூடவே கிருமித்தொற்று அபாயம்.

ரீசார்ஜ் செய்யும் கருவி வைக்கலாமா என்று பேச்சு வந்தது. சுமார் 15 வருடம் தாங்கும் என்று சொல்லப்படும் மாடல்கள் இருக்கின்றன. விலை கூடுதல்; சார்ஜர் பட்டையை மார்பில் கட்டிக்கொண்டு அவ்வப்போது உட்கார வேண்டும். அந்த அம்மா சிரித்தேவிட்டார்: "செல்போனையே சார்ஜ் போட மறக்கிற மனுஷன் சார் இவரு!" சரி, சாதாரணக் கருவியே போதும் என்று முடிவானது. இளம் வயதில் டிஸ்டோனியா என்ற, தசைகள் தானாக முறுக்கிக்கொள்ளும் நோய்க்குக் கருவி வைப்பவர்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். அவர்களுக்குப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும், பேட்டரியும் சீக்கிரம் கரையும்.

அப்புறம், தேவைப்படும்போது மட்டும் தூண்டும் கருவிகள். பார்க்கின்சனில் மூளையின் பீட்டா அலைகள், அதாவது 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை உள்ளவை, எழும்போது மட்டும் தூண்டினால் போதாதா என்று 2013 இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று 8 பேரிடம் சோதித்தது. தூண்டும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது, பலனும் குறையவில்லை. 2025 இல் அமெரிக்காவின் மருந்து, கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ இப்படித் தானாகக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு அனுமதி கொடுத்தது. அலையைக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கும் மின்சாரம் செலவாகும் என்பதால் மிச்சமாவது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். சரியான முனையைத் தேட அரை நாள் ஒதுக்காத இடத்தில் எந்தப் புதுக் கருவி வந்தும் பெரிதாக மாறிவிடாது என்பது என் எண்ணம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. பார்க்கின்சன் இல்லாமல் கை நடுக்க நோய்க்கு மட்டும் கருவி வைத்தவர்களில் பலர், டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி இரவில் அணைத்துவிட்டுத் தூங்கலாம், பேட்டரி மிச்சமாகும். பார்க்கின்சன் உள்ளவர்கள் அதைப் பார்த்துத் தாங்களாகவே அணைக்கக் கூடாது. பேட்டரி திடீரென்று நின்றால் நடுக்கம் சில நிமிடங்களிலேயே திரும்பும். நெடுநாள் கருவியோடு இருந்தவருக்கு உடல் கட்டைபோல இறுகி, விழுங்க முடியாமல், காய்ச்சலும் வரலாம். அப்போது மாத்திரையை மட்டும் நம்பி வீட்டில் காத்திருக்கக் கூடாது. எச்சரிக்கை வந்த அன்றே போன் செய்யுங்கள்.

அந்தப் பச்சை நோட்டில் இப்போது நான் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பேட்டரி அளவை என்னிடம் கேட்டு, அந்த அம்மாதான் எழுதிக்கொள்கிறார்.