'தொடர்பு' அல்ல, செலச்சொல்லல்

'வணிகத்தில் பயனுள்ள தொடர்பு முறைகள்.' மலேசியாவில் தெலுக் இந்தான், சுங்கை சிப்புட், கோல சிலாங்கூர் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில் சிறுதொழில் பயிற்சிக்குக் கட்டும் பதாகைகளில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. 'எஃபெக்டிவ் கம்யூனிகேஷன்' என்பதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். அதில் 'பயனுள்ள' தவறு, 'தொடர்பு' அதைவிடப் பெரிய தவறு.

கம்யூனிகேஷனின் வேர் லத்தீன். 'கம்யூனிஸ்' என்றால் பொதுவானது. 'கம்யூனிகாரே' என்றால் பொதுவாக்குதல், பங்கிடுதல். கம்யூனிட்டியும் அதே வேரில் பிறந்ததுதான். என்னிடம் மட்டும் இருந்த ஒன்று உங்களிடமும் இருக்கும்படி ஆக்குவது. வேரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி 'தொடர்பு'. தொடர் என்ற வினையில் பிறந்த பெயர். ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கும் நிலை. 'பயில்தொறும் பண்புடையாளர் தொடர்பு' என்று வள்ளுவர் சொல்வது நட்பை. நாளிதழில் 'கொள்ளையில் தொடர்புடைய இருவர் கைது' என்றால் உடந்தை. 'அவருக்கும் அவளுக்கும் தொடர்பு' என்றால் அது வேறு விவகாரம். இவை எல்லாவற்றிலும் தொடர்பு ஒரு நிலைதானே தவிர, செயல் அன்று. தொலைபேசிக் கம்பிக்கும் அலைக்கற்றைக்கும் 'தொலைத்தொடர்பு' மிகப் பொருத்தமான சொல், ஏனென்றால் அங்கே வேண்டியது இணைப்பு. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தகவலைக் கணக்கில் அடக்கிக் கட்டுரை எழுதியபோது, செய்தியின் பொருள் என்ன என்பது பொறியாளனின் சிக்கலுக்குத் தேவையற்றது என்று முதலிலேயே ஒதுக்கிவைத்தார். கம்பி அமைப்பவருக்கு அது போதும். கடை நடத்துபவருக்குப் பொருள்தான் முதல்.

நம் நாட்டுத் தமிழில் வெள்ளி என்றால் பணம், கிழமையும் அதே. மொத்த வியாபாரி 'வெள்ளி வந்ததும் சரக்கு ஏறும்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவர் நினைத்தது பணம். மளிகைக்கடைக்காரர் படித்தது கிழமை. அவர் பணத்துக்குக் காத்திருக்கிறார், இவர் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கிறார், சனிக்கிழமை கடையில் சீனி இல்லை. இங்கே தொடர்பு எங்கே அறுந்தது? கைப்பேசியில் இணைப்பு இருந்தது, இரண்டு நீலக்கோடும் விழுந்தது, இருவரும் பல ஆண்டுப் பழக்கம். தொடர்பு முழுமையாக இருந்தது. சொன்னது மட்டும் போய்ச் சேரவில்லை. இதைத்தான் 'தொடர்பு முறிவு' என்று மொழிபெயர்க்கிறார்கள். அதைப் படிப்பவருக்கு இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள் என்றுதான் பொருள் படும்.

'தகவல் தொடர்பு' என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டினாலும் குறை தீராது. தகவல் என்பது விலை, தேதி, எடை. வாடிக்கையாளரிடம் தாமதத்துக்கு வருத்தம் சொல்வதும், வேலையாளைப் பாராட்டுவதும் தகவலா? 'கருத்துப் பரிமாற்றம்' கூட்டங்களுக்குப் பொருந்தும். இருவர் கருத்தும் மாறிமாறி வருகிறது. ஆனால் மருந்துக் கலவையின் அளவைச் சொல்வதில் பரிமாற எந்தக் கருத்தும் இல்லை. இலங்கையில் வேரூன்றிய 'தொடர்பாடல்' இவற்றுள் மேலானது. உரையாடல், வாதாடல் என்பவற்றில் வரும் அதே 'ஆடல்' அங்கே செயலைக் கொண்டுவருகிறது. பாடத்தின் பெயராக, துறையின் பெயராக அதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அடியில் இருப்பது தொடர்புதான். சொன்னது புரிந்ததா என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதனால்தான் 'பயனுள்ள' என்று ஓர் அடைமொழி தேவைப்படுகிறது. பயனுள்ளது என்றால் உதவக்கூடியது. எஃபெக்டிவ் என்றால் எண்ணிய விளைவைத் தருவது. உதவக்கூடிய ஒரு குறிப்பு யாருக்கும் புரியாமலே போகலாம்.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, அடைமொழி கேட்காத சொல்: செலச்சொல்லல்.

'எண்பொருள வாகச் செலச்சொல்லித் தான்பிறர்வாய்
நுண்பொருள் காண்ப தறிவு' என்பது 424ஆம் குறள். எளிய பொருளாக, கேட்பவர் மனத்துக்குப் போய்ச் சேரும்படி சொல்லி, பிறர் சொல்வதிலுள்ள நுண்பொருளையும் காண்பது. குறளின் அவையறிதல், அவையஞ்சாமை, தூது அதிகாரங்களிலும் 'செலச்சொல்லி', 'செலச்சொல்லுவார்' என்று அதே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. மன்னனின் தூதனுக்குச் சொன்ன இலக்கணம் விற்பனையாளருக்கு அப்படியே பொருந்தும்.

பழஞ்சொல், மக்களுக்கு விளங்காது என்பார்கள். செல்லாத நோட்டு எது என்று தெரியாத தமிழர் உண்டா? செல்வாக்கு என்பதே செல்லும் வாக்குதான். ஏற்கப்படுவது செல்லும், ஏற்கப்படாதது செல்லாது. போய்ச் சேர்வதும் ஏற்கப்படுவதும் ஒரே வினைக்குள் அடங்கியிருக்கின்றன. ஒருவழிப் பேச்சாக இருக்கிறதே என்ற மறுப்புக்கு அந்தக் குறளின் பின்பாதியே விடை. இருவழியை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 724ஆம் குறள் 'கொளல்', அதாவது பிறரிடமிருந்து பெற்றுக்கொள்ளுதல், என்று முடிகிறது. செலச்சொல்லலும் கொளலும் என்று சொல்லலாம்.

சொல் சரியாக இருந்தால் வேலையும் சரியாகும் என்பதற்குத் தோட்டத்துக் காலைப் பெரட்டே, அதாவது வேலைக்குமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை சொல்லும் நேரமே, போதும். 'களைக்கொல்லியை ஒரு சதவீதம் கலக்கவும்' என்ற அறிவிப்பு தொடர்பு. '16 லிட்டர் பம்புக்கு 160 மில்லி, இந்தக் கோப்பையில் இந்தக் கோடு வரை' என்பது செலச்சொல்லல். 'இரண்டு மூடி' என்று சொன்னால் போத்தலுக்குப் போத்தல் மூடியின் அளவு மாறும். குறைந்தால் புல் சாகாது, கூடினால் மருந்து வீண், தெறித்தால் செம்பனை இளங்கன்றின் மட்டை கருகும். செம்பனை அறுவடையில் 'பழுத்த குலையை மட்டும் வெட்டு' என்பதும் அப்படித்தான். பழுத்தது எது என்பது ஆளுக்கு ஆள் வேறு. குலையிலிருந்து குறைந்தது 10 பழம் கழன்றிருக்க வேண்டும் என்பது மலேசிய செம்பனை வாரியத்தின் தரப்பிரிப்பு அளவு. எண்ணிப் பார்க்கச் சொன்னால் தகராறு இல்லை. காயாக வெட்டினால் எண்ணெய் குறையும், மிகப் பழுக்கவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும்.

சொன்னபின் 'புரிந்ததா?' என்று கேட்பதில் பயனில்லை. மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், புரியாதவர்தான் முதலில் ஆட்டுவார். 'எந்தப் பக்கம், எத்தனை மில்லி, எத்தனை மணிக்குள், நீங்களே சொல்லுங்கண்ணே' என்று திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் மூன்று செய்திக்கு மேல் வாயால் சொல்லக் கூடாது. அதற்கு மேல் எழுத்து வேண்டும். வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நிற்கும் வரிசையில் எழுத்தும் போதாது, கோப்பையையும் குலையையும் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். எண்ணை வாட்ஸ்அப் குரல்பதிவில் மட்டும் அனுப்பக் கூடாது. பம்பு ஓடும் சத்தத்தில் பதினாறும் பதினேழும் ஒன்றுபோல் கேட்கும். குரலோடு எண்ணையும் தட்டி அனுப்பினால் அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. பணத்துக்கு 'ரிங்கிட்', கிழமைக்கு 'வெள்ளிக்கிழமை' என்று முழுதாக எழுத வேண்டும். தேதியும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

இவை எல்லாம் பயிற்சிக் கையேடுகளில் இருக்கின்றன. ஆனால் அவற்றை மொழிபெயர்த்தவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து, எல்லா இடத்திலும் அதையே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். தொடர்புத் திறன், தொடர்பு இடைவெளி, தொடர்புத் தடை. செலச்சொல்லலைப் பற்றிய கையேடே படிப்பவருக்குச் செல்லவில்லை என்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையன்று. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒருவர் அதை விரித்து இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவைத்தால், பழி அவருடைய தமிழின் மேல் விழுகிறது.

தொடர்புத் திறன் என்ற இடத்தில் செலச்சொல்லும் திறன் என்று எழுதலாம். தொடர்பு இடைவெளிக்குச் 'சொன்னது செல்லாமை'. செய்தி திரிந்து போய்ச் சேர்ந்த இடத்தில் 'சொன்னது ஒன்று, சென்றது ஒன்று'. தொலைத்தொடர்பும், 'மேல் விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்' என்ற வரியும் இருக்கிறபடியே இருக்கட்டும், அங்கே தொடர்பு தன் இடத்தில் இருக்கிறது. அடுத்த பதாகையில் 'வணிகத்தில் செலச்சொல்லும் வழிகள்' என்று அச்சடிக்கலாம். பழைய வரியைவிட இடமும் குறைவாகத்தான் பிடிக்கும்.