கெற்றமைன்: மயக்கமருந்து மனச்சோர்வைத் தீர்க்குமா?

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியைக் காட்டி, "மனவருத்தத்துக்கு மயக்க ஊசி போட்டா ஒரே நாளில சுகமாகுதாமே, மெய்தானா?" என்று மட்டக்களப்பில் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் தனக்காகக் கேட்பதில்லை. மாதக்கணக்காக எழும்ப மனமில்லாமல் படுத்திருக்கும் மகளுக்காக, வேலைக்குப் போவதை விட்டுவிட்ட தம்பிக்காகக் கேட்கிறார். அதனால் பதிலில் பிசகு இருக்கக்கூடாது. மருந்தின் பெயர் கெற்றமைன். அது மனச்சோர்வில் வேலை செய்கிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல, நீண்ட காலத்துக்கும் அல்ல. 'மயக்க ஊசி' என்று சொன்னவுடன் இந்த வரம்புகள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

1962இல் அமெரிக்காவின் பார்க் டேவிஸ் நிறுவனத்துக்காக கல்வின் ஸ்டீவன்ஸ் என்ற இரசாயனவியலாளர் இந்தச் சேர்வையைத் தொகுத்தார். மூலக்கூறில் ஒரு கீற்றோன் கூட்டமும் ஓர் அமைன் கூட்டமும் உண்டு. இரண்டு பெயரையும் ஒட்டவைத்தால் கெற்றமைன். உயர்தரத்தில் இரசாயனம் படித்த நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டும் பழகிய சொற்கள்தான். தமிழ்நாட்டில் கெட்டமைன், கீட்டமைன் என்று எழுதுவார்கள். எப்படி எழுதினாலும் மருந்தின் பெயரைத் தமிழாக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெட்டியில் இருக்கும் பெயரும் கிளினிக் கொப்பியில் இருக்கும் பெயரும் ஒன்றாக ஒலித்தால்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு. தமிழாக்க வேண்டியது அது எந்த வகை மருந்து என்பதையும், எந்த நோய்க்கு என்பதையும்.

வகையைச் சொல்ல நாம் 'மயக்கமருந்து' என்கிறோம். 'அனஸ்தீசியா' கிரேக்கச் சொல்: 'அன்' என்றால் இன்மை, 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்ச்சி. 1846 ஒக்டோபரில் பொஸ்டனில் வில்லியம் மோர்ட்டன் ஈதரை முகரக்கொடுக்க, நோயாளி வலியறியாமல் கிடக்கையில் சத்திரசிகிச்சை நடந்தது. அடுத்த மாதமே ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் கடிதம் எழுதி இந்தப் பெயரைப் பரிந்துரைத்தார். அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததை நினைத்தால், இந்தச் சொற்களும் நம் மொழியும் முகம்பார்த்து நெடுங்காலம் ஆகிவிட்டது.

கிரேக்கத்தை அப்படியே பெயர்த்தால் 'உணர்வின்மை' வரும். பேச்சு அதை ஏற்கவில்லை, 'மயக்கம்' நிலைத்தது. மயங்குதலுக்கு முதற்பொருள் கலத்தல். "நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்" என்கிறது தொல்காப்பியம். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவது மெய்ம்மயக்கம்; ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் வருவது திணைமயக்கம். ஒன்றோடொன்று கலந்தால் தெளிவு போகும் என்பதால் சொல் மனக்கலக்கத்துக்கு வந்தது, பிறகு நினைவிழப்புக்கு வந்தது. சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் நுழைந்தது கடைசியில்தான். பல்லுப் பிடுங்கும்போது போடுவதை யாரும் மயக்க ஊசி என்பதில்லை, விறைப்பு ஊசி என்பார்கள். முழு உடலையும் மயக்குவது வேறு, ஓரிடத்தை விறைக்கவைப்பது வேறு என்று ஊர்ப்பேச்சே பிரித்து வைத்திருக்கிறது.

கெற்றமைன் இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் முழுதாக அடங்காது. 1964இல் மிச்சிகனில் எட்வர்ட் டொமினோவும் குன்ரர் கோர்சனும் சிறைக் கைதிகளான தொண்டர்களுக்கு அதை முதன்முதலில் கொடுத்தார்கள். கண் திறந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது, ஆனால் வலி தெரியவில்லை. தன் உடலோடும் சுற்றியுள்ளவற்றோடும் தொடர்பு அறுந்ததுபோல் இருந்தார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று டொமினோ யோசித்தபோது 'டிஸோசியேற்றிவ்' என்ற சொல்லைச் சொன்னவர் அவருடைய மனைவி ரோனி. பிரிதல், விலகுதல் என்பது அதன் பொருள். தமிழ்ச்சொல்லின் வேர் கலத்தல்; இந்த மருந்து செய்வதோ பிரித்தல். 'பிரிநிலை மயக்கமருந்து' என்று சொன்னால் பொருந்தும் என்று நினைக்கிறேன். பாடசாலையில் பிரிநிலை ஏகாரம் படித்தவர்களுக்கு, கூட்டத்திலிருந்து ஒன்றைத் தனியே பிரித்துக்காட்டும் அந்தப் பொருள் உடனே பிடிபடும்.

மூச்சை அடக்காது, குருதி அமுக்கத்தை விழுத்தாது என்பதால் பெரிய இயந்திரங்கள் இல்லாத இடத்திலும் இதைக் கொடுக்கலாம். 1970இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் வியட்நாம் போர்க்களத்துக்குப் போனது. 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2018இல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர்களை நீருக்கடியால் வெளியே கொண்டுவந்தபோதும் அவர்களுக்குக் கொடுத்தது இதைத்தான்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது அதே புட்டியிலிருந்துதான் எடுப்பார்கள், அளவுதான் வேறு. 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சைக்காக மயக்குவதற்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்; அதாவது 60 முதல் 120 மில்லிகிராம், ஒரு நிமிடமளவில் நாளத்துக்குள் போய்விடும். மனச்சோர்வுக்குக் கிலோவுக்கு அரை மில்லிகிராம்; மொத்தம் 30. ஒரு மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் உள்ள புட்டியென்றால் ஊசியில் ஏறுவது 0.6 மில்லிலீற்றர்தான். அதைச் சேலைனில் கலந்து 40 நிமிடம் சொட்டுச்சொட்டாக ஏற்றுவார்கள். ஆள் விழித்தபடியே இருப்பார், கேட்டால் பதில் சொல்வார். உடல் மிதப்பதுபோல, ஓசைகள் தூரத்தில் கேட்பதுபோல இருக்கலாம். துக்கத்தை மறக்கத் தூங்கவைக்கிறார்கள் என்று நினைப்பது தவறு. இங்கே யாரும் தூங்கவைக்கப்படுவதில்லை.

இனி நோயின் பெயர். இதில்தான் எனக்குக் கவலை அதிகம். 'டிப்ரெஷன்' என்பது கீழே அமுக்குதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மாரியில் வங்கக் கடலில் உருவாகும் டிப்ரெஷனை வானொலி தாழமுக்கம் என்று சொல்லும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பாருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். மனதின் டிப்ரெஷனைப் பல பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்று எழுதின. இலத்தீனுக்கு நேர்தான், குற்றமில்லை. ஆனால் பரீட்சை, கடன், வேலைப்பளு தரும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே சொல்லை வைத்துவிட்டார்கள். "எல்லாருக்கும்தானே மன அழுத்தம் இருக்கு, அதுக்கு எதுக்கு மருந்து?" என்று வீட்டார் சொல்லி ஒரு நோயாளியை வீட்டிலேயே இருத்திவிட அந்த ஒரு குழப்பம் போதும். இலங்கை உளநல எழுத்துகளில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு 'நெருக்கீடு' என்ற நல்ல சொல் இருக்கிறது. அதை அதற்கு விட்டுவிட்டு, டிப்ரெஷனுக்கு 'மனச்சோர்வு' என்றே எழுதுவோம். சோர்தல் என்றால் வெறும் களைப்பு அல்ல. கண்ணீர் சோர, கூந்தல் சோர என்று சொல்கிறோமே, பிடி விட்டு நழுவி இறங்குதல் அது.

ஆனால் கிளினிக்குக்கு வரும் அம்மா மனச்சோர்வு என்று சொல்லமாட்டார். "எந்த நேரமும் யோசனையாக் கிடக்கு டொக்டர். சோறு இறங்குதில்ல, மறுகா நித்திரையும் இல்ல. நெஞ்சுக்குள்ள பாரம்" என்பார். அந்த 'யோசனை' சிந்தனை அல்ல, நோயின் பெயர். தமிழ் தெரியாத டொக்டருக்கு இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் "நிறைய யோசிக்கிறாராம்" என்று மட்டும் சொன்னால் நோயில் பாதி அங்கேயே காணாமற் போகும். போரும் 2004 சுனாமியும் கடந்துவந்த மாவட்டத்தில் இது சின்ன விடயம் அல்ல.

சரி, மருந்து வேலை செய்கிறதா? நம் அரச வைத்தியசாலைகளில் கிடைக்கும் புளுவொக்செற்றின் போன்ற குளுசைகள் செரற்றோனின் என்ற மூளை இரசாயனம் வழியாக வேலை செய்பவை; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கெற்றமைன் வேறு வாசலால் போகிறது. மூளையில் குளூற்றமேற்று என்ற பொருளை ஏற்கும் என்எம்டிஏ வாங்கிகளை அது தடுக்கிறது. அதைத் தொடர்ந்து நரம்புக்கலங்களுக்கு இடையிலான இணைப்புகள் மீள வலுப்பெறுகின்றன என்பது பலர் ஏற்கும் விளக்கம். முழுக் கதையும் இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2000இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏழே பேரில் செய்த ஆய்வில் சில மணித்தியாலத்திலேயே மாற்றம் தெரிந்தது. 2006இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராத்தே குழுவினர், வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்கு ஒரே ஒரு தடவை ஏற்றினார்கள். ஒரு நாளுக்குள் நூற்றுக்கு 71 பேருக்கு நோய்க்குறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. ஒரு வாரம் கழித்தும் அந்தப் பலன் நிலைத்திருந்தது 35 பேருக்கு. காணொளிகள் 71ஐச் சொல்லும், 35ஐச் சொல்லாது.

இன்னொரு சிக்கல். ஒரு மருந்தைச் சோதிக்கும்போது ஒரு பகுதியினருக்கு மருந்துப்போலி கொடுப்பார்கள், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. உடல் மிதப்பதுபோல் இருந்தால் தனக்குக் கிடைத்தது என்னவென்று நோயாளிக்குத் தெரியாதா? மறைப்பு குலைந்துவிடுகிறது, எதிர்பார்ப்பு வேலைசெய்யத் தொடங்குகிறது. அதனால் 2013இல் ஓர் ஆய்வில், மருந்துப்போலிக்குப் பதிலாக, உறக்கம் தந்து ஏதோ ஏறியதென்று உணரவைக்கும் மிடசோலம் என்ற மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஒரு நாளில் முன்னேறியவர்கள் கெற்றமைனில் நூற்றுக்கு 64, மிடசோலத்தில் 28. வித்தியாசம் பெரியதுதான், ஆனால் அந்த 28ஐயும் கவனிக்க வேண்டும்.

2023இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மறைப்பை உண்மையிலேயே இறுக்கினார்கள். மனச்சோர்வோடு வேறு சத்திரசிகிச்சைக்கு வந்த 40 பேரை வழக்கமான முறையில் முழுதாக மயக்கிவிட்டு, பாதிப்பேருக்குக் கெற்றமைனும் மற்றவர்களுக்கு வெறும் சேலைனும் கொடுத்தார்கள். இரு சாராரும் நன்றாகவே முன்னேறினார்கள், இடையில் வித்தியாசமே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு கெற்றமைன் முழுதும் நம்பிக்கையின் விளையாட்டு என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். மயக்கத்தில் கிடக்கும் மூளையில் மருந்து வழமைபோல் செயற்படாமல் இருந்திருக்கலாம்; மயக்குவதற்குக் கொடுத்த மற்ற மருந்துகளும் மனதைத் தொட்டிருக்கலாம். அதே ஆண்டு அவுஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில், அளவை ஆளுக்கேற்பக் கூட்டி வாரம் இருதடவையாக நான்கு வாரம் கொடுத்தபோது, நோய் முற்றாக விலகியது கெற்றமைனில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்கு, மிடசோலத்தில் 2 பேருக்கு. மனப்பிரமை இல்லாத நோயாளிகளில், நம்மவர் 'கறண்ட் வைக்கிறது' என்று பயப்படும் மின்சிகிச்சையோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், நோய்க்குறிகள் பாதியாகவாவது குறைந்தவர்கள் கெற்றமைனில் நூற்றுக்கு 55, மின்சிகிச்சையில் 41. எதிர்பார்ப்புக்குப் பங்கு உண்டு, மருந்துக்கும் பங்கு உண்டு என்றே நான் இந்த எண்களை வாசிக்கிறேன்.

மூக்கில் விசிறும் எஸ்கெற்றமைனுக்கு 2019 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. முன்னால் நிற்கும் 'எஸ்' இலத்தீனில் இடதைக் குறிக்கும் 'சினிஸ்டர்' என்ற சொல்லின் முதலெழுத்து. கெற்றமைன் ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இரு வடிவங்களின் கலவை, அதில் ஒன்று மட்டும் இது. வீட்டுக்குக் கொடுத்துவிடமாட்டார்கள். விசிறியபின் குறைந்தது இரண்டு மணித்தியாலம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், மறுநாள் வரை வாகனம் ஓட்டக்கூடாது. அந்த நேரத்தில் குருதி அமுக்கம் ஏறும், குமட்டும். போதைக்காக நெடுநாள் பாவிப்பவர்களுக்கு சிறுநீர்ப்பை சுருங்கிப் புண்ணாகும். சலத்தோடு இரத்தம் போகும்.

காரைதீவில் 1892இல் பிறந்து, 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தரின் ஊர்ப்பக்கத்தில் இருந்து எழுதுவதால், துண்டுப்பிரசுரங்களுக்கு ஒரு வரியைத் துணிந்து முன்வைக்கிறேன்: "கெற்றமைன் ஒரு பிரிநிலை மயக்கமருந்து. குறைந்த அளவில், வைத்தியரின் கண்காணிப்பில், குறைந்தது இரண்டு மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்கு விரைவான, தற்காலிகப் பலன் தரக்கூடியது." 'இணங்காத' என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்தேன். 'தீராத மனச்சோர்வு' என்று எழுதினால் நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார். மருந்துக்கு இணங்கவில்லை என்றால் வேறு மருந்துக்கு இணங்கலாம்.

புதிய மருந்து வரப்போகுது என்று காத்திருந்து இப்போது எடுக்கும் குளுசையை நிறுத்தவேண்டாம். சாகவேண்டும்போல் இருக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.